ஏழு பட்டங்கள், ஒரு காது

2024ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வானம் மூட்டமாக இருந்தது. முந்தின இரவு மழை வருவதாக மிரட்டிவிட்டு வராமல் போயிருந்தது. காற்று இல்லை. கொஞ்சம் பலமாகக் காற்று வீசியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. காற்றடித்தால் ஃப்ளெக்ஸ் கிழியும்.

கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர்களின் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தவன் நான். அவையெல்லாம் பேரேட்டில் அரை அங்குலப் பிழைகள். நான் செய்தது இருபது அடிக்குப் பத்து அடி. மேலூர் சாலையிலிருந்து எங்கள் குலதெய்வக் கோயிலுக்குத் திரும்பும் முக்கில் சவுக்குக் கம்பு கட்டி, ஃப்ளெக்ஸாக நிமிர்ந்து நின்றது. (கம்பு எட்டு.)

வேனில் என் பக்கத்தில் சம்மந்தி ஹில்டா அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஜெர்மனியில் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் பேரனுக்கு அப்பாவைப் பெற்றவர். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃப்ளெக்ஸை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார். பிறகு டிரைவரின் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

நான் கம்புகளை மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் மகள் கயல் மேல்படிப்புக்குப் போன இடத்தில் யோனாஸ் என்ற ஜெர்மன் பையனைக் கட்டிக்கொண்டாள். பேரன் மாறன் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். எடை ஒரு கிலோ நானூற்று எண்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தவனை வீடியோவில் பார்த்த அன்றைக்கே பஸ் ஏறி, எங்கள் கருப்பசாமி முன்னால் போய் நின்றேன். "அப்பனே, பிள்ளை பிழைத்துவிட்டால் உன் வாசலில் வைத்து அவனுக்கு இரண்டு காதும் குத்துகிறேன். கிடாய் வெட்டிப் பொங்கல் வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

'இரண்டு காதும்' என்று சொன்னதைக் கவனிக்கவும். மற்ற மனிதர்கள் 'காது குத்துகிறேன்' என்று சொல்லிவிட்டு வருவார்கள். தணிக்கைக்காரன் சாமியிடமும் எண்ணிக்கையைக் குறிப்பிட்டுவிட்டுத்தான் வருவான்.

சாமி தன் பங்கைச் செய்துவிட்டது. இரண்டரை வயதில் மாறன் கும்மென்று இருந்தான். எதைக் கேட்டாலும் "நைன்!" என்று கத்தினான். (ஜெர்மனில் 'இல்லை', 'மாட்டேன்', 'முடியாது' எல்லாமே அதுதான்.) பாக்கி இருந்தது என் பங்கு மட்டுமே.

ஹில்டா அம்மாள் காதுகுத்துக்கு மறுப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "காது அவனுடையது. அவன் சம்மதிக்க வேண்டும். நைன் என்று சொன்னால் நைன். யாரும் அமுக்கிப் பிடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது, முக்கியமாக யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது."

நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் வம்சத்தில் காது குத்தப்பட்ட பிள்ளைகளில் சம்மதம் கேட்கப்பட்டவர்கள் எண்ணிக்கை பூஜ்யம். எனக்குக் குத்தியபோது நாலு பேர் பிடித்தார்கள். (ஐந்தாவது ஆள் வாயில் வாழைப்பழத்தைத் திணித்தார்.)

வாக்கு வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. ஊரில் யாரும் பிள்ளையைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று, இந்த வயதுப் பிடிவாதத்துக்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் ஏழு சொற்களை எழுதி எனக்கு அனுப்பினார். உங்கள் ஆட்களுக்கு இவற்றை விளக்கிச் சொல்லுங்கள், புரிந்துகொண்டால் பொறுமையாக இருப்பார்கள் என்று அடியில் ஒரு குறிப்பு.

கயல் போனில் சொன்னாள்: "இதுக்கு என்னப்பா விளக்கம்? 'புள்ள அடம் பிடிப்பான், கண்டுக்காதீங்க'ன்னு குரூப்ல ஒரு வரி போட்டு விட்டுருங்க."

என் மனைவி செல்லம் அடுப்படியிலிருந்து சேர்த்துக்கொண்டாள். "அடம், வீம்பு, மொரண்டு, சண்டித்தனம், ஒத்தக்கால்ல நிக்கிறது... நம்மகிட்ட இல்லாத சொல்லா? நம்ம வீட்டுலயே ஒரு ஆளு அறுபத்தொம்பது வயசுல அம்புட்டையும் வச்சிருக்காரு."

ஒரு வரியில் முடிந்திருக்கும். ஆனால் நான் ஓய்வு பெற்றபின் ஆன்லைனில் பதினான்கு மாதம் ஜெர்மன் படித்து, இரண்டாம் நிலைத் தேர்வில் நூற்றுக்கு அறுபத்தொன்று வாங்கியவன். அந்த அறுபத்தொன்றை வேறு எங்கே செலவழிப்பது? தமிழில் எழுதினால் மாப்பிள்ளை யோனாஸுக்குத் தெரியாது. ஜெர்மனிலேயே விட்டால் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதினால் இரு தரப்புக்கும் அரைகுறையாகப் புரியும், என் புலமை மட்டும் முழுசாகத் தெரியும். எனவே ஆங்கிலம்.

மூன்று நாள், இரண்டு அகராதி. 'ட்ரோட்ஸ்' என்றால் எதிர்த்து நிற்பது. ஆகவே 'ட்ரோட்ஸ்ஃபாசே' என்பது 'டிஃபயன்ஸ் ஃபேஸ்', அதாவது எதிர்ப்புப் பருவம். 'ட்ரோட்ஸ்கோப்ஃப்' என்பது எதிர்ப்புத் தலை, 'டிஃபயன்ஸ் ஹெட்'. 'டிக்கோப்ஃப்' வந்தது. 'டிக்' என்றால் தடிமன், குண்டு என்று இருந்தது. 'ஃபேட் ஹெட்' என்று போட்டேன். (ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் மண்டு என்று ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வரிக்கு வரி கணக்கு நேராக வேண்டும் என்பது என் கொள்கை.) எதற்கெடுத்தாலும் நைன் சொல்லும் பருவம், 'நோ ஃபேஸ்'. பிள்ளை விம்மி விம்மி முரண்டு பிடித்தால் 'கிடாய் அவனை முட்டுகிறது' என்பார்களாம். அதை 'தி ஹி-கோட் இஸ் பட்டிங் ஹிம்' என்று எழுதி, நானே மெச்சிக்கொண்டேன். கதவு இருக்கும்போது தலையால் சுவரை இடித்துக்கொண்டுதான் போவேன் என்று நிற்பது 'வித் தி ஹெட் த்ரூ தி வால்'. ஆறு முடிந்தது.

ஏழாவது 'டோஹ்'. ஒரே ஒரு அசை. நாம் "நீ சாப்பிட மாட்டாய்" என்றால் பிள்ளை "டோஹ்!" என்னும். "யார் சொன்னது? சாப்பிடுவேன்" என்று பொருள். நம் மறுப்பை மறுப்பதற்கென்றே வைத்திருக்கும் சொல். கயல் இதை எனக்கு மூன்று தடவை விளக்கினாள். ஆனால் அகராதியில் முதல் பொருளாக 'ஹவெவர்' என்று இருந்தது. ஆயினும், இருந்தபோதிலும். பெற்ற மகள் சொல்வதா, அச்சில் இருப்பதா என்று வந்தபோது நான் அச்சை நம்பினேன். முப்பத்து நான்கு வருடப் பழக்கம்.

'மாறன் பற்றி ஜெர்மனியில் சொல்வது' என்று தலைப்புக் கொடுத்து, ஏழையும் பெரிய எழுத்தில் எண் போட்டுக் குலதெய்வக் குரூப்பில் ஏற்றினேன். அடியில் 'விளக்கம் பின்னர்' என்று சேர்த்தேன். உறுப்பினர்கள் நூற்று நாற்பத்து மூன்று. கும்பிடு கைகள் அறுபதைத் தாண்டின. அந்த மகிழ்ச்சியில் 'பின்னர்' எனக்கு மறந்தே போனது.

இங்கேதான் என் மகன் முத்து வருகிறான். மாறனுக்குத் தாய்மாமன். ஒத்தக்கடையில் டூவீலர் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறான். எங்கள் பக்கம் தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து இல்லை. ஃப்ளெக்ஸ் இல்லாமல் தாய்மாமன் இல்லை. பட்டம் இல்லாமல் ஃப்ளெக்ஸ் இல்லை. பல் முளைக்காத பிள்ளையைக்கூட 'சீறும் சிறுத்தை' என்றோ 'அடங்காத காளை' என்றோ போட்டுத்தான் சாலையில் நிறுத்துவார்கள். முத்துவின் கூட்டாளி பாண்டிக்கு அதுதான் தொழில்.

இப்போது வேனிலிருந்து இறங்கி, ஃப்ளெக்ஸைப் பார்க்கலாம்.

நடுவில் மாறன், சிங்காதனத்தில், கூலிங் கிளாஸோடு. இடது பக்கம் ஒரு கிடாய் தலை குனிந்து அவனை முட்ட வருகிறது. வலது பக்கம் இன்னொரு மாறன், செங்கல் சுவரைத் தலையால் பிளந்துகொண்டு வெளியே வருகிறான். தலைக்கு மேலே தீ எரியும் பொன்னெழுத்தில், ஆங்கிலத்தில், 'ஃபேட் ஹெட்'. மற்ற ஐந்தும் சுற்றிலும். எல்லாவற்றுக்கும் கீழே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, மின்னலுக்கு நடுவில் 'ஹவெவர்'. அடியில் முத்துவின் முப்பத்தொரு நண்பர்களின் படங்கள். அவர்களுக்கு மத்தியில் நான். எனக்கும் கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தார்கள். 'பட்டங்கள் உபயம்: தாத்தா, பி.காம்., தணிக்கை அதிகாரி (ஓய்வு)'.

ஹில்டா அம்மாளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். அந்தக் கொஞ்சத்துக்குள் 'ஃபேட் ஹெட்' அடங்கியிருந்தது. கிடாயையும் அவர் அடையாளம் கண்டுகொண்டார். என்னையும்.

"யாரும் சிரிக்கக் கூடாது என்பதற்காக எழுதினேன்," என்றார் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக. "நீங்கள் அதை நெடுஞ்சாலையில் வைத்திருக்கிறீர்கள். கோயிலில் ஒருவர் சிரித்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் ஓட்டல் அறைக்குப் போய்விடுவேன்."

பின்னால் காரில் பிள்ளையோடு கயலும் மாப்பிள்ளையும் வந்துகொண்டிருந்தார்கள். கோயிலில் இருநூற்றுப் பதினாறு பேர் காத்திருந்தார்கள். கறி வெந்துகொண்டிருந்தது. நான் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய் முத்துவுக்குப் போன் போட்டேன்.

"டேய், என்னடா இது?"

"பாத்துட்டீங்களாப்பா? எப்புடி? மெரட்டலா இருக்கா?"

"ஃபேட் ஹெட்னு போட்டிருக்கடா!"

"நீங்க அனுப்புனதுதான? பாண்டிதான் சொன்னான். 'மாப்ள, எல்லாரும் சிங்கம் புலின்னே அடிக்கிறாய்ங்க. நம்ம மருமகனுக்கு ஜெர்மன்லயே ஏழு பட்டம் குடுத்துருக்காய்ங்க. அதை விட்டுப்புட்டு எதுக்கு மாப்ள லோக்கல் பட்டம்'னான்."

"அது பட்டம் இல்லடா. பிள்ளையோட குறைடா, குறை!"

"எதுப்பா குறை? எதுத்து நிக்கிறான். கிடா முட்டுனாலும் நிக்கிறான். செவுத்தையே தலையால ஒடைக்கிறான். இதுல எங்கப்பா இருக்கு குறை?"

நான் யோசித்துப் பார்த்தேன். இங்கிருந்து அலங்காநல்லூர் வரைக்கும் யாரைக் கேட்டாலும் இதில் குறை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்தான்.

"சரி, அந்த ஹவெவர்?"

"அதுதான்ப்பா டாப்பு! என்ன அர்த்தம்னு ஒரு பயலுக்கும் தெரியல. ஆனா சொல்றப்பவே கெத்தா இருக்குல்ல?"

கோயிலுக்குள் நுழையும்போது மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். ஒரு சிரிப்பு, ஒரே ஒரு சிரிப்பு போதும். சாமிக்குக் கொடுத்த வாக்கு மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடும். ஹில்டா அம்மாள் கூட்டத்தை முகம் முகமாகச் சோதித்துக்கொண்டே வந்தார். நல்ல தணிக்கையாளர் ஆகியிருப்பார்.

ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து பிள்ளைக்கு வழி விட்டது. என் பெரியப்பா மகன், எண்பத்திரண்டு வயது, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து மாறனின் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"இவருதான் செவுத்த ஒடைக்கிறவரா?" என்று பயபக்தியோடு கேட்டார்.

"நைன்," என்றான் மாறன்.

"ஆமாங்கிறாரு," என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

முகூர்த்தம் ஒன்பது இருபது. முத்து சப்பணமிட்டு உட்கார்ந்தான். மடியில் மாறன். காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்துச் சந்தனத்தில் தொட்டார். மாறன் ஊசியைப் பார்த்தான். பத்தரைப் பார்த்தான். கோயில் மணி அடங்கிய நேரமாகப் பார்த்து, "நைன்!" என்று கத்தினான்.

வழக்கம்போல நாலு பேர் கை காலைப் பிடிக்க முன்னால் வந்தார்கள். ஹில்டா அம்மாள் எழுந்து நின்றார். நடுவில் நான். ஒரு பக்கம் அரிவாளோடு கருப்பசாமி. மறு பக்கம் கைப்பையோடு சம்மந்தி. பிடிக்காதீர்கள் என்று நான் சொன்னால் நேர்த்திக்கடன் போச்சு. சொல்லாவிட்டால் சம்மந்தம் போச்சு.

"ரெண்டு நிமிசம் அமுக்கிப் பிடிங்கய்யா, முடிச்சுரலாம்," என்றார் பத்தர்.

நான் வாயைத் திறந்தேன். (திறந்தேன், அவ்வளவுதான்.) அதற்குள் பாண்டி பாய்ந்து வந்தான்.

"யாரும் தொடாதீங்க! கைய எடுங்கண்ணே! ஃப்ளெக்ஸ்ல என்னா போட்டிருக்கு? நோ ஃபேஸ்! என் மருமகன் நோன்னா நோதான்!"

நாலு பேரும் ஏதோ விதியை மீறிவிட்டவர்கள் போலப் பின்வாங்கினார்கள். 'அட ஆமா, போட்டிருக்குல்ல' என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. இளவட்டங்கள் கை தட்டி ஆரம்பித்தார்கள். "நைன்! நைன்! நைன்!" பெண்கள் குலவையிட்டார்கள். இருநூற்றுப் பதினாறு பேரும் பிள்ளை பக்கம்.

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் ஹில்டா அம்மாள்.

"அவர்களும் நைன் என்கிறார்கள்," என்றேன். அன்றைக்கு நான் பிழையில்லாமல் மொழிபெயர்த்த ஒரே வாக்கியம்.

மாறன் சுற்றிலும் பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து நைன் என்றால் எதிரே ஒருவர் கெஞ்சுவார், ஒருவர் கொஞ்சுவார், ஒருவர் முறைப்பார். இங்கே ஒரு ஊரே ஆமாம் போடுகிறது. முட்டுவதற்குச் சுவர் இல்லை. அவன் முகம் சிவந்தது. உதடு துருத்தியது. காலால் முத்துவின் வயிற்றில் ஓர் உதை விட்டான்.

"டோஹ்!"

"நைன்!" என்றது கூட்டம், குஷியாக.

"டோஹ்!"

"என்னாப்பா சொல்றான்?" என்று பாண்டி என்னைக் கேட்டான்.

அறுபத்தொரு மதிப்பெண் வாங்கிய நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்: "ஹவெவர்ங்கிறான்."

கோயில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்துபோகும்படி ஒரு ஆரவாரம் எழுந்தது. ஃப்ளெக்ஸில் இருந்தது நேரில் வந்துவிட்டதல்லவா!

கயல் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அப்பா! 'குத்திக்குவேன்'ங்கிறான்! நீங்க எல்லாரும் வேணாங்கிறீங்கள்ல, அதான் குத்திக்குவேங்கிறான்!"

ஹில்டா அம்மாள் அவன் முன்னால் மண்டியிட்டு ஜெர்மனில் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் டோஹ். கடைசித் தடவை அவனே வலது காதைப் பிடித்துப் பத்தரிடம் நீட்டினான். ஹில்டா அம்மாள் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். பத்தர் குத்தினார்.

அதற்குப் பிறகு வந்த அலறல் மேலூர் பஸ் நிலையம் வரை கேட்டிருக்கும். கிடாய் முட்டியது என்றால் அப்படி முட்டியது. வாழைப்பழம், பலூன், முத்துவின் பைக் சாவி எல்லாம் கொடுத்து ஒருவழியாக அடங்கியபின், பத்தர் இடது காதுப் பக்கம் நகர்ந்தார்.

"நைன்," என்றான் மாறன்.

"நைன்! நைன்!" என்று கூட்டம் உற்சாகமாகப் பிடித்துக்கொண்டது. நானும் சேர்ந்து கத்தினேன். என் வயதுக்கு அந்தச் சத்தம் ஆகாது. எல்லோரும் அடுத்த டோஹுக்குக் காத்திருந்தோம்.

மாறன் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தான். பிறகு பெரிய மனுஷன் போலத் தலையை மேலும் கீழும் ஆட்டினான். வாழ்க்கையில் முதல்முறையாக ஊரோடு ஒத்துப்போனான்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திடுக்கிட்டுத் திரும்பினேன். சிரித்தவர் ஹில்டா அம்மாள். பூசாரியின் துண்டை வாங்கிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பூசாரியிடம் தனியாகப் போய் நிலைமையைச் சொன்னேன்.

"ரெண்டு காதுன்னா வேண்டுன?"

"ஆமா."

"எண்ணிக்கையெல்லாம் உன்னைய யாருய்யா சொல்லச் சொன்னது?" பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "சரி. மறு காது குத்துற வரைக்கும் தை மாசம் தை மாசம் ஒரு சேவல் குடுத்து வாய்தா வாங்கிக்க."

"வட்டின்னு சொல்லுங்க சாமி, இவருக்கு அப்பத்தான் புரியும்," என்றாள் செல்லம்.

ஃப்ளெக்ஸை ஹில்டா அம்மாள் விடவில்லை. ஊருக்குப் போகும்போது மடித்துக் கட்டி எடுத்துப்போனார். அதற்கான கூடுதல் சுமைக் கட்டணம் என் தலையில் விழுந்தது. (பட்டங்கள் உபயம் நான்தானே.) இன்று அது ஜெர்மனியில் அவர் வீட்டுக் கொல்லையில் விறகை மூடியிருக்கிறது. பனிக்காலத்தில் வீடியோவில் காட்டினார். பனிக்குள்ளிருந்து கூலிங் கிளாஸோடு நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாறன் என்ற பெயர் எங்கள் பக்கம் யாருக்கும் இப்போது நினைவில்லை. "ஹவெவர் எப்ப வாரான்?", "ஹவெவரு பள்ளிக்கூடம் போறானா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் மாத்திரை வேண்டாம் என்று சொன்னால் செல்லம் தம்ளரை நங்கென்று வைத்து, "ஹவெவர்," என்கிறாள். விழுங்கிவிடுகிறேன்.

போன வாரம் வீடியோவில் குடும்பத்தோடு உட்கார்ந்து அந்தப் பழைய வித்தையைப் போட்டுப் பார்த்தோம். "இடது காது குத்தக் கூடாது! நைன்! நைன்!" என்று நாங்கள் எல்லோரும் கத்தினோம். அவனுக்கு நாலு வயது தாண்டிவிட்டது. எதிர்ப்புப் பருவமும் தாண்டிவிட்டது போலிருக்கிறது. "சரி தாத்தா, குத்த வேணாம்," என்றான், மிகவும் மரியாதையாக.

ஜோடியில் மிஞ்சிய தோடு ஒன்று லாக்கரில் தனியாகக் கிடக்கிறது. கிடாய், சாப்பாடு, வேன், முத்து என் கணக்கில் எழுதிய ஃப்ளெக்ஸ், அதை விமானத்தில் ஏற்றிய செலவு, இதுவரை போன சேவல் இரண்டு, எல்லாம் கூட்டி, இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒரு லட்சத்து நாற்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். ஒரு காதுக்கு.